வனாந்தரத்தில் ஒரு நெடும்பாதை



நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சிட்னி, மெல்போர்ன், பெர்த் முதலிய நகரங்களில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரை, “காரிலேயே உள்நாடு வரைக்கும் போய், கூடாரமடித்துத் தங்கி வருவோம்” என்று பிள்ளைகள் அழைப்பதுண்டு. அந்த உள்நாட்டை ‘அவுட்பேக்’ என்கிறார்கள். வேதாகம மொழியில் சொன்னால், அது வனாந்தரம். அங்கே புறப்படும் குடும்பங்களுக்கு உதவும்படியும், புறப்படாத நமக்கும் ஒரு பாடம் உண்டு என்பதாலும் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியா பரப்பில் இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது. மக்கள்தொகையோ மூன்று கோடிக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பான்மையோர் கடற்கரையோர நகரங்களில் வாழ்கிறார்கள். நடுநிலம் செம்மண்ணும் புதரும் வானமுமாய் விரிந்து கிடக்கிறது. தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்கே டார்வினில் முடியும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சாலைவழியே டில்லி சேர்ந்தாலும் அத்தனை தூரம் ஆகாது. 1862-இல் இக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து திரும்பிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயரை அச்சாலை தாங்கியிருக்கிறது.

வழியில் கூபர் பீடி என்னும் ஊர் உண்டு. 1915-இல் அங்கே ஓபல் கற்கள் கண்டெடுக்கப்பட்டன. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதால், ஊராரில் பலர் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வீடு அமைத்து வாழ்கிறார்கள். தேவாலயங்களும் நிலத்தடியில் இருக்கின்றன. மேலே அனல் வீசும்போதும் உள்ளே இதமான குளிர்ச்சி இருக்கும். இன்னும் வடக்கே சென்று மேற்கே திரும்பினால் உலுரு. 348 மீட்டர் உயரமுள்ள அந்தச் செம்பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985-இல் அந்நிலம் அவர்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது; 2019 அக்டோபர் முதல் பாறையின்மேல் ஏறுவது தடைசெய்யப்பட்டுள்ளது. விருந்தினராய்ச் செல்லும் நாம் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பளிப்பதே முறை.

இரவில் கூடாரத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், நம் நகரத்து வானத்தில் என்றும் காணாத நட்சத்திரக் கூட்டம் தெரியும். ஆபிரகாமை வெளியே அழைத்து, நட்சத்திரங்களை எண்ணிப்பார்க்கும்படி கர்த்தர் ஏன் சொன்னார் என்பது அங்கே விளங்கும்.

இனி, ஆயத்தத்தைக் குறித்துச் சில வார்த்தைகள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களே ஏற்றவை. அந்நாட்களில் பகல் இதமாக இருக்கும். இரவில் குளிர் நீர் உறையும் அளவுக்கு இறங்குவதுண்டு. ஆகவே கம்பளி அவசியம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் 250 கிலோமீட்டர் வரைக்கும் எரிபொருள் கிடைக்காது; கண்ட நிலையத்திலெல்லாம் டாங்கை நிரப்புவதே புத்தி. மாலை மயங்கியபின் கங்காருக்கள் சாலைக்கு வரும். ஆகையால் பொழுது சாயுமுன் வண்டியை நிறுத்திக் கூடாரமடித்துவிடுங்கள். ‘ரோடு டிரெயின்’ என்னும் தொடர் லாரிகள் 53 மீட்டர் வரை நீளமுள்ளவை. முன்னே நெடுந்தூரம் சாலை காலியாகத் தெரிந்தாலன்றி அவற்றை முந்த முயலாதீர்கள். பல பகுதிகளில் கைப்பேசி இயங்காது. எனவே செயற்கைக்கோள் தொலைபேசியோ, அபாய அறிவிப்புக் கருவியோ உடனிருக்கட்டும். பூர்வகுடியினரின் நிலங்கள் வழியாகச் செல்லும் சில சாலைகளுக்கு முன்அனுமதி பெறவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அந்நாட்டார் இரண்டு விதிகளை வலியுறுத்துகிறார்கள். முதலாவது, எந்த வழியாய்ப் போகிறீர்கள், எந்நாளில் சேருவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இரண்டாவது, வண்டி பழுதானால் அதை விட்டு நடந்துபோகாதீர்கள். வண்டியில் நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. தேடி வருவோரின் கண்ணுக்குத் தனிமனிதனைவிட வண்டியே முதலில் தென்படும். உதவியைத் தேடி வெயிலில் நடந்தவர்கள் மாண்டுபோக, அவர்கள் விட்டுச்சென்ற வண்டி மட்டும் கண்டுபிடிக்கப்பட்ட துயரங்கள் அங்கே நிகழ்ந்திருக்கின்றன.

“ஜெபித்துவிட்டுப் புறப்படுகிறோம், விசுவாசிக்கு இவ்வளவு ஆயத்தம் எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, நம் ஆண்டவர் குதிக்கவில்லை. தூதர்கள் தாங்குவார்கள் என்பது மெய்யான வாக்குத்தத்தமே; ஆயினும் அதை வைத்துப் பிதாவைச் சோதித்துப் பார்க்க அவர் மறுத்தார். நெகேமியாவும் ஜெபம்பண்ணினார், அலங்கத்தில் காவலும் வைத்தார். தண்ணீர்க் கேன்களை நிரப்புகிற கை அவிசுவாசத்தின் கை அல்ல.

அந்த வனாந்தரம் கற்பித்த பாடங்களில் மிகவும் துயரமானது பர்க், வில்ஸ் என்பவர்களின் சரித்திரம். 1860 ஆகஸ்ட் 20-இல் மெல்போர்னிலிருந்து பெரும் பயணக்குழு ஒன்று புறப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டகங்களும் அதில் இருந்தன. கூப்பர் ஓடையருகே பாளயம் இறங்கி, சிலரை அங்கே காத்திருக்கச் செய்துவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் மட்டும் டிசம்பரில் வடகடலை நோக்கிச் சென்றார்கள். திரும்பும் வழியில் கிரே இறந்தார். அவரை அடக்கம்பண்ண ஒரு நாள் கழிந்தது. மற்ற மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலையில் தள்ளாடியபடி பாளயத்தை வந்தடைந்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப்போயிருந்தார்கள்!

போனவர்கள் உணவைப் புதைத்து, தோண்டும்படி ஒரு மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். மூவரும் அதைத் தோண்டியெடுத்தார்கள். பின்பு தாங்கள் போகும் திசையை ஒரு கடிதத்தில் எழுதி, அதே குழியில் புதைத்து, முன்பிருந்தபடியே மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். மரத்திலோ புதிதாக ஓர் அடையாளமும் இடவில்லை. சில நாட்களுக்குப்பின் காத்திருந்தவர்களின் தலைவர், மனம் கேளாமல், வேறொருவருடன் அதே மரத்தடிக்குத் திரும்பி வந்தார். யாரும் வந்துபோன அடையாளம் அவர்களுக்குத் தென்படவில்லை. குழியைத் தோண்டாமலே திரும்பிவிட்டார்கள்.

பர்க்கும் வில்ஸும் அந்த ஓடைக்கரையிலேயே மடிந்தார்கள். கிங் மட்டும் அங்கே வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவர்கள் உணவளித்துத் தங்களோடு வைத்துக்கொண்டதால், செப்டம்பரில் தேடிவந்த குழுவினர் அவரை உயிரோடு கண்டார்கள். வெள்ளையர் மடிந்த அதே நிலத்தில் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பிழைத்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, மும்பையிலும் டில்லியிலும் பெங்களூருவிலும் வாழும் நமக்கு இச்சரித்திரம் அந்நியமானதா? வேலை போய்விடுகிறது, கடன் ஏறுகிறது, வாடகை கொடுக்க முடியாமல் புறநகரில் எங்கோ ஒரு வீட்டுக்குக் குடும்பம் மாறிப்போகிறது. வெட்கத்தினால் சபையில் ஒருவரிடமும் சொல்வதில்லை. வேதனையையெல்லாம் எழுதி மண்ணுக்குள் புதைத்து, மேலே பழையபடியே மூடிவைக்கிறோம். தேடிவரும் சகோதரர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். அவருக்கு அன்பில்லை என்று நாம் நினைக்கிறோம். நமக்குத் தேவையில்லை என்று அவர் நினைக்கிறார். மரத்தில் ஒரு கீறல் இருந்திருந்தால் போதும்!

சபையாராகிய நமக்கும் இங்கே ஒரு கேள்வி உண்டு. அடையாளம் இல்லையென்று பார்த்தவுடன் திரும்பிவிடலாமா? சற்றுத் தோண்டிப் பார்த்திருக்கலாமே!

அப்படித் தோண்டிப் பார்த்தவர் ஒருவர் அதே வனாந்தரத்தில் ஊழியம் செய்தார். ஜான் ஃபிளின் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர் 1912-இல் உள்நாட்டு மக்களுக்கான மிஷன் பணியைத் தொடங்கினார். 1917-இல் ஹால்ஸ் கிரீக் என்னும் ஊரில் ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். பெர்த்திலிருந்த மருத்துவர் தந்திமூலம் சொல்லச் சொல்ல, உள்ளூர் தபால் அதிகாரி தம் கைக்கு அகப்பட்ட கத்தியால் அறுவை சிகிச்சை செய்தார். மருத்துவர் பல நாள் பயணம் செய்து வந்துசேர்வதற்குள் டார்சி இறந்துபோனார். இத்தகைய மரணங்களைச் சகிக்கமாட்டாமல் ஃபிளின் ஆண்டுக்கணக்காய் எழுதினார், பணம் திரட்டினார், கதவுகளைத் தட்டினார். 1928 மே மாதத்தில் குளோன்கரியிலிருந்து முதல் மருத்துவ விமானம் பறந்தது. மறு ஆண்டில் ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி, தனித்திருந்த வீடுகளுக்கு உதவி கேட்கும் குரலைக் கொடுத்தது.

இன்றும் அந்தப் பறக்கும் மருத்துவ சேவை நடைபெறுகிறது. நல்லார்போர் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் சில இடங்களில் தார்ச்சாலையிலேயே ஓடுபாதைக் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். அவசர நேரத்தில் மருத்துவரின் விமானம் அங்கே இறங்கும். அக்கோடுகளைக் காணும் குடும்பம் ஒரு நிமிடம் வண்டியை ஓரங்கட்டி, தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தலாம். ஒரு போதகரின் பாரம் அங்கே பாதையாய் மாறியிருக்கிறது.

இம்மாதத்தில் உங்கள் சபைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சில வாரங்களாய்க் காணப்படாத குடும்பம் எது? இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். நீங்களே அந்தக் குடும்பமானால், இன்றைக்கே ஒருவரிடமாவது நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

வனாந்தரத்தில் ஆகாரைக் கண்ட தேவன் உங்களையும் காண்கிறார். அவர் உங்கள் பிரயாணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.