ஒரு ஒடுக்குக்கு முழு பெயின்ட்டாம்!

பெரியப்பாவோட 1968 அம்பாசடர் மார்க் 2. பின் மட்கார்டுல ஆட்டோ ஒண்ணு இடிச்சு உள்ளங்கை அளவு ஒடுக்கு, அவ்ளோதான். "முழுசா சுரண்டி புது பெயின்ட் அடிச்சிடலாம் சார், ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும்"ங்கறார் டிங்கர். (பெரியப்பாவும் தலையாட்டறார், கொடுமை!)

ஏன்யா? கெட்டித் தகரம் அது. உள்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து வெளியே சுத்தியலால பதமா தட்டினாலே பெரும்பாலும் நிமிர்ந்துடும். மிச்சத்துக்கு மெல்லிசா பட்டி, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் பார்த்துக் கலந்த பெயின்ட். லேசா வித்தியாசம் தெரியும். தெரியட்டுமே! 2014-ல் தயாரிப்பே நின்னுபோன வண்டி. ஃபேக்டரியில அடிச்ச பெயின்ட்டைச் சுரண்டிட்டா எந்தக் கடையில திரும்ப வாங்கறது? முழு பெயின்ட்டுலதான் உங்களுக்குக் காசுன்னா அதை நேரா சொல்லுங்க சாமி, வண்டி மேல பழி போடாதீங்க.