கபுகி மேடையில் ரத்தமா நடிக்கிறது?

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்பார்கள். ஜப்பானின் கபுகி நாடக உலகம் இதைப் பழமொழியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எழுதப்படாத சட்டமாகவே வைத்திருக்கிறது. அப்பா பெரிய நடிகர் என்றால் மகன் நாயகன். அப்பாவுக்கு வேறு தொழில் என்றால் மகன் குதிரைக்குக் கால்!

இது கிண்டல் இல்லை. கபுகியில் குதிரை வரும் காட்சிகளில் பொம்மைக் குதிரைக்குள் இரண்டு நடிகர்கள் குனிந்து நடப்பார்கள். முதுகின்மேல் வீரன் கம்பீரமாக உட்கார்ந்திருப்பான். மேலே இருப்பவர் பெரும்பாலும் பெரிய வீட்டுப் பிள்ளை. உள்ளே வியர்த்து வழிபவர் அப்படி ஒரு வீட்டில் பிறக்காதவர்.

சரி, நாடகக் குடும்பத்தில் பிறக்காத ஒரு பையன் கபுகிக்குள் எப்படித்தான் நுழைகிறான்? டோக்கியோவில் தேசிய நாடக அரங்கம் 1966ல் திறக்கப்பட்டது. 1970ல் அதன் சார்பில் கபுகி நடிகர் பயிற்சி தொடங்கியது. குடும்பப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மேடையை நிரப்ப முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன்கள் சேரலாம். கட்டணம் இல்லை. இரண்டு வருடம் நடிப்பு, நடனம், ஷமிசென் வாத்தியம், தாளம், அரிதாரம் பூசுவது, கிமோனோ கட்டுவது, சண்டைக் காட்சிக்கான குட்டிக்கரணம் என்று பிழிந்தெடுப்பார்கள். இன்றைய கபுகி நடிகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தப் பயிற்சியில் தேறியவர்.

பயிற்சி முடிந்ததும் ஒரு மூத்த நடிகரிடம் சீடனாகச் சேர வேண்டும். அவர் வைக்கும் மேடைப் பெயரை ஏற்க வேண்டும். அப்புறம்? கூட்டத்தில் ஒருவன், காவலாளி, பணிப்பெண், அடி வாங்கிக் கரணம் அடிக்கும் சிப்பாய். குரு மேடையில் இருக்கும்போது பின்னால் பதுங்கியிருந்து உடை மாற்ற உதவுவது. பத்து வருடம் போல இப்படியே ஓடிய பிறகு ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறினால் "நல்ல துணை நடிகர்" என்று பெயர் வாங்கலாம். நாயக வேடம்? பெரும்பாலோருக்குக் கடைசிவரை கிடையாது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2022 நவம்பரில் பதின்மூன்றாம் இச்சிகாவா டான்ஜூரோ தன் பட்டப்பெயரை ஏற்றார். அதே விழாவில் அவர் மகன் எட்டாம் ஷின்னோசுகே ஆனான். 'உய்ரோ உரி' நாடகத்தில் நாயக வேடம் அவனுக்குத்தான். அப்போது அவனுக்கு வயது 9. அந்தச் சிறுவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த வயதில் அவ்வளவு நீள வசனத்தைச் சொல்வதே பெரிய காரியம். ஆனால் அதே நாவும் அதே நினைவாற்றலும் உள்ள இன்னொரு 9 வயதுப் பையன் ஒரு டாக்சி ஓட்டுநர் வீட்டில் இருந்தால், அவனை யார் தேடிப் போகிறார்கள்?

உடனே ஒரு பதில் தயாராக வரும். "நாடக வீட்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு வயதிலேயே தொடங்குகிறார்கள். கலை உடம்பில் ஊறிவிடுகிறது. பதினெட்டு வயதில் வந்து சேர்பவனுக்கு அது வருமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012ல் என்ன நடந்தது? மூன்றாம் இச்சிகாவா என்னோசுகேயின் மகன் தெருயுகி ககாவா, அதுவரை சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் புகழ் பெற்றவர். அப்பா பிரிந்து போனதால் கபுகிப் பயிற்சி இல்லாமலேயே வளர்ந்தவர். அவர் தன் 46வது வயதில் ஒன்பதாம் இச்சிகாவா சூஷா என்ற பட்டத்தோடு கபுகிக்குள் வந்தார். நேராகப் பெரிய வேடங்கள்! திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் 46 வயதில் ஊறாத கலை 18 வயதில் மட்டும் எப்படி ஊறாமல் போகும்? ஆக, சிறுவயதுப் பயிற்சி என்பது சாக்கு. கேட்கப்படுவது ரத்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயிற்சிப் பள்ளி மாணவர்களை நம்பிப் பெரிய வேடங்கள் கொடுத்து, அரங்கை நிறைத்துக் காட்டியவரே அந்த மூன்றாம் என்னோசுகேதான். வெளியாட்களால் முடியும் என்பதற்கு அவருடைய குழுவைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்த ரத்தக் கணக்காவது ஒழுங்காக இருக்கிறதா? நம் காலத்தின் மிகப் பெரிய ஸ்திரீபார்ட் நடிகர் ஐந்தாம் பாண்டோ தமாசபுரோ. அவர் உணவு விடுதி நடத்தியவரின் மகன்; சிறுவயதில் போலியோ தாக்கியவர். பதினான்காம் மோரிதா கன்யா அவரைத் தத்தெடுத்தார். 2012ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. ஆறாம் கதாவோகா ஐனோசுகே கப்பல் உந்துவிசிறி செய்யும் பட்டறைக்காரர் மகன். அவரும் தத்துப்பிள்ளை ஆனார். ஆக, பெரிய வீடுகளே வெளி ரத்தத்தால்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் கதவு திறக்க வேண்டுமானால் பையன் அப்பாவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 1603 வாக்கில் கியோட்டோவில் கபுகியைத் தொடங்கியதே இசுமோ நோ ஒகுனி என்ற பெண். 1629ல் ஷோகுன் அரசு பெண்களை மேடையிலிருந்து விரட்டியது. அந்த அரசு 1868ல் ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. ஏழாம் ஒனோயே கிகுகோரோவின் மகள் ஷினோபு தெராஜிமா 2010ல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். ரத்தம் வேண்டுமென்றால் அவரிடம் தாராளமாக இருந்தது. ஆனால் கபுகி நடிகராக முடியவில்லை. 2023 மே மாதம் அவர் மகனுக்கு ஒனோயே மஹோலோ என்ற மேடைப் பெயர் கிடைத்தது. பையனின் அப்பா பிரெஞ்சுக்காரர்; கபுகி ரத்தம் வந்தது அம்மா வழியாக. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அம்மாவும் கபுகிசா அரங்கில் ஒரு நாடகத்தில் நடித்தார். அது செய்தியானது! தேசிய அரங்கின் நடிகர் பயிற்சியிலோ பெண்களுக்கு விண்ணப்பிக்கும் உரிமைகூட இல்லை.

2025ல் 'கொகுஹோ' படம் வந்தது. யாகுசா தலைவரின் அநாதை மகன் ஒரு கபுகி வீட்டில் வளர்ந்து, அந்த வீட்டு வாரிசோடு மோதும் கதை. நாயகன் ரியோ யோஷிசாவா ஒன்றரை வருடம் கபுகி பழகி நடித்தார். அனிமேஷன் அல்லாத ஜப்பானியப் படங்களில் 22 வருட வசூல் சாதனையை அது முறியடித்தது. திரையில் அந்த அநாதைக்காக ஜப்பானே அழுதது. அழுதவர்கள் எழுந்து கபுகிசாவுக்குப் போனால் அங்கே சுவரொட்டியில் முதலில் இருப்பது யார் பெயர்?

இது யாரோ ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்து என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கபுகி 2008லேயே யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. பயிற்சிக்கு அரசு நிறுவனம் செலவழிக்கிறது. பொதுச்சொத்து என்று பட்டம் வாங்கிக்கொண்டு வேடத்தை மட்டும் பரம்பரைச் சொத்தாகப் பங்கு போடுவது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. பயிற்சியில் பெண்களைச் சேருங்கள். ஆண்டுக்குச் சில மாதமாவது பெரிய அரங்கில் நாயக வேடங்களைத் தேர்வு வைத்துக் கொடுங்கள். வாரிசுகளும் வந்து போட்டியிடட்டும். உண்மையிலேயே ரத்தத்தில் கலை இருந்தால் அவர்களே ஜெயித்துவிட்டுப் போகட்டுமே, பயம் என்ன?