அது உங்க ஹால் டிக்கெட் இல்ல பாஸ்!



செமஸ்டர் நேரத்துல காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையைப் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் பழைய கொஸ்டின் பேப்பர் கேட்டதுமே நாற்பது காப்பி போட்டு அடுக்கிடுவார் அண்ணாச்சி. அடுத்து வர்றவங்களுக்கு எடுத்து நீட்டினா போதும், கூட்டம் மளமளன்னு கரையும். வெப்சைட்ல இந்த வேலையைச் செய்யறதுதான் 'கேஷ்' (காசு இல்லீங்க!). ஒரு தடவை தயாரிச்ச பக்கத்தைச் சேர்த்து வெச்சு, கேட்கிறவங்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும்.

அதே அண்ணாச்சி உங்க ஹால் டிக்கெட்டையும் காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தா?

2015 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நிஜமாவே அப்படி நடந்துச்சு. கம்ப்யூட்டர் கேம்ஸ் விற்கிற 'ஸ்டீம்' தளத்துமேல போலி டிராஃபிக் தாக்குதல். சமாளிக்கப் போட்ட கேஷ் செட்டிங் ஒண்ணு தப்பாகி, லாகின் பண்ணினவங்க பக்கமும் கேஷ்ல உட்கார்ந்துடுச்சு. சிலருக்குக் கடை வேற மொழியில திறந்தது. சிலருக்கு யாரோ ஒருத்தரோட அக்கவுன்ட்டே திறந்தது! ஈமெயில், பில்லிங் முகவரி, வாங்கின கேம்ஸ்னு சுமார் 34,000 பேரோட விவரம் அடுத்தவங்க கண்ணுல பட்டிருக்கலாம்னு அந்த கம்பெனியே ஒப்புக்கிச்சு. பாஸ்வேர்டை யாரும் திருடலை. ஒரே ஒரு தப்பான செட்டிங்தான்.

காரணம் சிம்பிள். கேஷ் பெரும்பாலும் யூ.ஆர்.எல்.லை வெச்சுத்தான் பக்கத்தை அடையாளம் காணும். உங்க செட்டிங் தமிழ், பக்கத்து பெஞ்ச் செட்டிங் இங்கிலீஷ். ஆனா யூ.ஆர்.எல். ஒண்ணுதானே?

'வேரி' ஹெடர்ல குக்கியைப் போட்டா பிரச்னை தீர்ந்துடுமேன்னு கேட்பீங்க. குக்கி ஆளாளுக்கு வேற. ஆளுக்கொரு காப்பி அடுக்கினா அது கடையா, குடோனா? கேஷ் வெச்சதே வேஸ்ட்!

அதனால பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க. மொழி, தீம் மாதிரி நாலஞ்சு வகைதான்னா, வகைக்கு ஒரு காப்பி போதும். பேரு, மார்க், அட்ரஸ் இருந்தா 'கேஷ்-கன்ட்ரோல்: பிரைவேட்'. அப்போ அது அவங்கவங்க பிரவுசரோட நிக்கும், பொது கேஷுக்குப் போகாது. லேப்ல பல பேர் உட்காரும் கம்ப்யூட்டரா? 'நோ-ஸ்டோர்' போடுங்க, எங்கேயுமே சேமிக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

புராஜெக்ட் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். ரெண்டு பிரவுசர், ரெண்டு அக்கவுன்ட், ஒரே பக்கம். உங்க மார்க் ஃப்ரெண்டோட ஸ்கிரீன்ல வந்துச்சுன்னா, வைவாவுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதானே!