வீட்டிலே பிறக்கும் பகைவன்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் ஊர்களில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. ஒன்று, வீட்டுக்குள் கொசுவின் ரீங்காரம், மற்றொன்று, "நகரசபை என்ன செய்கிறது?" என்று வீதியில் ஜனங்கள் கேட்கும் கேள்வி. அக்கேள்வி நியாயமற்றதென்று நாம் கூறமாட்டோம். சாக்கடையைச் சீர்படுத்துவதும் குப்பையை அகற்றுவதும் வரி வாங்கும் ஸ்தாபனத்தின் கடமைகளே. ஆயினும் டெங்கு ஜுரத்தைப் பொறுத்தமட்டில், நகரசபையைக் கேள்வி கேட்பவர் தம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

ஏனெனில், இந்த ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் ஏஜிப்தி என்னும் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்துவைக்கும் தெளிந்த நீரே அதற்குத் தாய்வீடு. மூடியில்லாத மாடித் தொட்டி, சிமெண்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகிய இவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பகலிலேயே கடிக்கும் இக்கொசு, பிறந்த இடத்தை விட்டுப் பெரும்பாலும் சில நூறு கஜ தூரத்துக்கு மேல் செல்வதுமில்லை. ஆகவே, ஒரு குழந்தை டெங்குவால் படுத்தால், அதைக் கடித்த கொசு அவ்வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. 2017-ல் தமிழ்நாட்டில் 23,000-க்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்ததென்றும், 65 பேர் மாண்டனரென்றும் சர்க்கார் கணக்கே கூறுகிறது.

புகை மருந்து அடித்தால் போதுமென்று பலர் நினைக்கின்றனர். புகை, பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டி நீரில் நெளியும் புழுவை அது தொடுவதில்லை. இன்று புகை போட்ட வீதியில், சில நாட்களுக்குள் புதுக் கொசுக்கள் கிளம்பிவிடும். புகை வண்டியைக் கண்டு திருப்தியடைந்து தொட்டியைத் திறந்துபோட்டிருப்பது, வாசற்கதவைத் தாழிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இதே கொசு ஒரு காலத்தில் கியூபா தேசத்து ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பி வந்தது. கொசுவே காரணமென்று அந்நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881-லேயே கூறினார்; உலகம் நம்பவில்லை. 1900-ல் அது பரிசோதனையில் நிரூபணமான பின், அங்கு ஆண்டுகொண்டிருந்த அமெரிக்க ராணுவத்தின் சுகாதார அதிகாரி கார்கஸ், வீடு வீடாக ஆட்களை அனுப்பி, நீர்த்தொட்டிகளை மூடச் செய்தார். புழு காணப்பட்ட வீட்டாருக்கு அபராதம் விதித்தார். நெடுங்காலம் அந்நகரை வாட்டிய வியாதி 1901-ல் சில மாதங்களுக்குள் மறைந்தது. அன்னிய ராணுவத்தின் அபராதத்துக்கு அஞ்சி ஒரு நகரம் செய்த காரியத்தை, சுதந்திர ஜனங்களாகிய நாம் சுயபுத்தியினால் செய்யலாகாதா? இங்கும் 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்கவிடுவதைத் தடுக்க வழி செய்துள்ளது. ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு அதிகாரியைக் காவல் வைக்க எந்தச் சர்க்காராலும் இயலாது.

செய்யவேண்டிய காரியம் சிறிது. வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று வீட்டிலுள்ள பாத்திரங்களையும் தொட்டிகளையும் காலி செய்து, உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிரப்பி மூடவேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமின்றிப் பல மாதம் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்தாலன்றி அவை போகா. காலி செய்ய இயலாத பெருந்தொட்டிகளை இடைவெளியின்றி மூடவேண்டும்.

ஏழைகள் மீது பழி போடுவது இங்கே சிலருக்கு வழக்கம். குழாயில் நாள்தோறும் நீர் வராத வீதியில் குடம் குடமாகச் சேர்த்துவைப்பவள் செய்யும் குற்றமென்ன? சேர்த்த நீரை அவள் கொட்டுவாளென்று எதிர்பார்ப்பது தகுமா? தினமும் நீர் தருவதும், அதுவரை பாத்திரங்களுக்குத் தக்க மூடி கிடைக்கச் செய்வதும் நகரசபையின் பொறுப்பு. அதை நாம் விடாது வற்புறுத்துவோம். ஆனால் மாடித் தொட்டியின் மூடி காற்றில் பறந்துபோய் மாதங்களாகியும் மேலேறிப் பாராத கனவான்களுக்கு என்ன சமாதானம் உண்டு?

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. வார்டு தோறும் பத்துப் பேர் கூடி, வாரந்தோறும் குறித்த நாளில் வீதியைச் சுற்றி வாருங்கள். பிறருக்கு உபதேசம் செய்யுமுன் உங்கள் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துவிட்டுப் புறப்படுங்கள். வயோதிகர் வீட்டுத் தொட்டியை நீங்களே ஏறி மூடுங்கள். கொசுப்புழுவை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வீட்டாருக்குக் காட்டுங்கள். நூறு துண்டுப் பிரசுரங்களைக் காட்டிலும் அது நன்றாகப் பேசும். இதில் மாலையும் மேடையும் கிடையா. ஆனால் ஒரு வீதியில் ஒரு குழந்தை பிழைத்தாலும், அது மேடைப் பிரசங்கங்கள் பலவற்றினும் மேலான தேச சேவையென்றே நாம் கருதுகிறோம்.