மச்சைத் துளைக்கும் பனி

தாராவியில் குளிர் இறங்கிவிட்டது என்ற தகவல் என் கிளினிக்குக்கு முதலில் இட்லிக்கார அக்காமார் வழியாகத்தான் வரும். "ராத்திரி ஆட்டி வெச்ச மாவு விடியுற வரைக்கும் பொங்கவே இல்ல டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், அன்று மாலையே நெபுலைசரைத் துடைத்துத் தயாராக வைத்துவிடலாம். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரிக்கு அக்கம்பக்கம் இருந்தால் சுகம். 20-க்குக் கீழே போனால் சோம்பிவிடும். விடியும் முன்னே தூக்குவாளியோடு கிளம்ப வேண்டிய பெண்ணுக்கு அது ஒரு நாள் பிழைப்பில் விழும் அடி. நமக்கு அது வானிலை அறிக்கை.

அதே நாளில் செய்தித்தாள் வேறு தொனியில் பேசும். சாந்தாக்ரூஸில் 14 டிகிரி, கொலாபாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மராத்தியில் இதற்குச் செல்லமாக 'குலாபி தண்டி' என்று பெயர். மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் மங்கி கேப் போட்டுக்கொண்டு காபிக்கு வரிசையில் நிற்கும் தாத்தாவைப் படம் பிடித்துச் சிரிப்பார்கள். ஸ்ரீநகரிலும் சிம்லாவிலும் பனி கொட்டும்போது இதெல்லாம் ஒரு குளிரா என்று நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் ஒரு மருத்துவப் பிழை ஒளிந்திருக்கிறது என்பதே இந்த இதழில் குடும்ப மருத்துவர்களிடம் சொல்ல வந்த செய்தி.

முதலில் அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து நகர்ந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் பனியைக் கொட்டிவிட்டுக் கிழக்கே போகிறது. அது நகர்ந்ததும், அதன் முதுகுப் பக்கமாக வறண்ட குளிர்காற்று ராஜஸ்தான், குஜராத் வழியாக இறங்குகிறது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவோடு இரவாக வெளியே விட்டுவிடும். ஆகவே குல்மார்க்கில் பனி விழுந்த படம் டிவியில் வந்தால், அது நமக்கும் சேர்த்து வந்த செய்தி. ஒவ்வொரு முறையும் வடகாற்று இங்கு வரை எட்டுவதில்லை. எட்டும்போது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் அவகாசம் தந்தே வருகிறது. கிளினிக் நடத்துகிறவருக்கு அந்த அவகாசம் பெரிய சொத்து.

இந்த ஊரில் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கம் நெடியது. கொலாபா ஆய்வகம் 1826-ல் தொடங்கியது; 1841 முதல் அங்கே வானிலைப் பதிவுகள் உண்டு. சாந்தாக்ரூஸின் மிகக் குறைந்த பதிவு 1962 ஜனவரி 22 அன்று வந்த 7.4 டிகிரி. அது பழைய கதை. 2024 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மிச்சம் அரபிக் கடல் பக்கம் நகர்ந்த அந்த வாரத்தில், டிசம்பர் 4 அன்று சாந்தாக்ரூஸில் 37.3 டிகிரி வெயில். காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசியது. டிசம்பர் 9 விடியலில் அதே நிலையத்தில் 13.7 டிகிரி. ஐந்தே நாளில் 23 டிகிரிக்கு மேல் சரிவு. அடுத்த நாள் செய்தியில் பெரிய எழுத்தில் வந்தது 13.7 மட்டும். நம்மிடம் வந்த நோயாளிகளை வாட்டியது அந்தச் சரிவு.

வானிலைத் துறையின் அளவுகோலையும் தெரிந்துகொள்வது நல்லது. சமவெளி நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால் 'குளிர் அலை' என்று அறிவிக்கலாம். கடலோர நிலையங்களுக்கு அந்த 10 என்பதை 15 ஆகத் தளர்த்தியிருக்கிறார்கள். கடலோரத்து உடம்பு வேறு என்பதை ஒப்புக்கொண்ட நல்ல தளர்வு இது. ஆனாலும் மும்பையில் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து வருவது அபூர்வம். மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கைக்காகக் காத்திருந்தால் பல குளிர்காலங்கள் எச்சரிக்கையே இல்லாமல் கடந்துபோகும். மூச்சிரைப்புக்காரர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள்.

லேசான குளிரில் ஆபத்து உண்டா? 1997-ல் லான்செட்டில் வெளியான 'யூரோவின்டர்' ஆய்வை நினைவுபடுத்துகிறேன். நாள் சராசரி 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் தெற்கு ஃபின்லாந்தில் மரணங்கள் 0.27 சதவீதம் கூடின. ஏதென்ஸில் 2.15 சதவீதம். பனியில் புதைந்து கிடக்கும் ஊரைவிட, வெயிலுக்குப் பேர்போன ஊருக்கு எட்டு மடங்கு பாதிப்பு! காரணம் வீட்டுக்குள்ளும் உடையிலும் இருந்தது. வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஃபின்லாந்து வீட்டு முன்னறை 21.7 டிகிரி, ஏதென்ஸில் 19.2. அதே 7 டிகிரியில் ஃபின்லாந்துக்காரர்களில் 72 சதவீதம் பேர் தொப்பி போட்டிருந்தார்கள். ஏதென்ஸில் 13 சதவீதம். மாதுங்கா தாத்தாவின் மங்கி கேப் இப்போது வேறு மாதிரித் தெரிகிறதா? 2015-ல் அதே இதழில் வந்த, 13 நாடுகளின் 384 இடங்களை அலசிய ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. மரணங்களில் 7.29 சதவீதம் குளிரின் கணக்கில், 0.42 சதவீதம் வெயிலின் கணக்கில். குளிரின் பங்கில் பெரும்பகுதி கடுங்குளிர் நாட்களில் விழவில்லை. சுமாரான குளிர் நாட்களில் விழுந்தது.

ஐரோப்பியக் கணக்கை அப்படியே தாராவிக்குப் பொருத்த முடியாது. ஆனால் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: நோயாளி தூங்கும் இடத்தில் எத்தனை டிகிரி? சாந்தாக்ரூஸ் வெப்பமானி திறந்த வெளியில், வெள்ளைச் சட்டப் பெட்டிக்குள், நெஞ்சுயரத்தில் நிற்கிறது. தாராவியின் கோலி எனும் சிறு வீட்டில் கீழ்த்தளம் அடுப்பும் ஆட்களுமாகக் கதகதப்பாகவே இருக்கும். மேலே பரண் போன்ற போட்மாலாவில் கதை வேறு. தலைக்கு ஓரடி மேலே பத்ரா தகரம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் அந்தத் தகரம் இரவில் காற்றைவிடவும் வேகமாகக் குளிரும். விடியற்காலை அதன் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் ஈரம் ஒட்டும். தூங்குகிறவர்களின் மூச்சே நீராகித் திரும்பச் சொட்டுகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மச்சு இந்தப் போட்மாலாதான்.

இதை நான் தாமதமாகக் கற்றேன். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு உள்ள ஒரு பெரியவர், பழைய தோல் பட்டறைத் தொழிலாளி, ஒரே ஜனவரியில் மூன்று முறை வந்தார். இரண்டு முறை ஆன்டிபயாடிக் எழுதினேன். மூன்றாம் முறை அவர் மருமகள் சொன்னாள்: "மாமா மேலதான் படுக்காவ. கீழ பிள்ளைங்க படிக்கணும்லா?" எங்கே படுக்கிறீர்கள் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. அவரைக் கீழே படுக்கவைத்து, இன்ஹேலர் பிடிக்கும் முறையைத் திருத்தியதும் பிப்ரவரியில் அவர் வரவேயில்லை.

பச்சைக் குழந்தைகளுக்கு நம் 'குலாபி' குளிரே கடுங்குளிர். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் உடல் வெப்பம் 36.5-க்குக் கீழே போனாலே அது தாழ்வெப்பம். 18 டிகிரி காலையில், தகரக் கூரையின் கீழ், எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டப்படும் பத்து நாள் சிசுவை நினைத்துப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கத் தாய்க்குச் சொல்லிக் கொடுங்கள். வயிறு சூடு, பாதம் சில்லென்றால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்றால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டியதுதான். குளியலை வெயில் ஏறும் வரை தள்ளிப்போடச் சொன்னால் பாட்டிமார் முறைப்பார்கள். சொல்லுங்கள்.

செம்பூரில் குளிர் தனியாக வருவதில்லை. தரையோரக் காற்று குளிர்ந்து கனத்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிட்டால், மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையும் சாலைத் தூசியும் மூக்குயரத்திலேயே தங்கிவிடும். கடற்காற்று பிந்தினால் மதியம் வரை விடிவில்லை. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைமேடு எரிந்தபோது ஊரே இதைச் சுவாசித்துத் தெரிந்துகொண்டது. 2022 ஜனவரி 23 அன்று பாகிஸ்தான் பக்கமிருந்து கடல் தாண்டி வந்த புழுதி, நின்ற கார்கள்மேல் வெள்ளையாகப் படிந்தது. பகல் வெப்பநிலையும் படுத்துவிட்டது. அந்தப் புழுதியைத் தூக்கி வந்ததும் மேற்கத்திய இடையூறுதான்.

மாதுங்காவின் பிரச்சினை மார்கழி வைகறை. பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு ஐந்து மணிக்குக் கோயிலுக்கும் பஜனைக்கும் கிளம்பும் எழுபது வயதுக்காரருக்குத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிபி ஏறும். மாரடைப்புக்கு வைகறை ஏற்கெனவே பிடித்த நேரம். பக்தியில் கை வைக்க வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் சுடவைக்கச் சொல்லலாம். மாலைப் பூஜைக்குப் போகச் சொல்லலாம். அப்படிச் சுடவைக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. ஜன்னல் சாத்திய குளியலறையில் கேஸ் கீசர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைசுற்றி விழுந்து வருகிறவரின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி 98 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணும். குளிக்கும்போது ஜன்னல் திறந்திருந்ததா என்ற கேள்வி அந்தக் கருவியைவிடத் துல்லியம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஆகவே, வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலையைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் இன்னும் மூன்றைப் பாருங்கள். காற்று திரும்பி வடக்கு, வடமேற்கிலிருந்து வீசுகிறதா? பகலுக்கும் இரவுக்கும் இடைவெளி விரிகிறதா? காற்றுத்தரக் குறியீடு ஏறுகிறதா? மூன்றும் ஒன்றுசேர்ந்தால், வானிலைத் துறை எந்த நிறத்தைக் காட்டினாலும் உங்கள் கிளினிக்கில் அது ஆரஞ்சு.

அதற்கு நவம்பரிலேயே ஒரு பட்டியல் வேண்டும். இன்ஹேலரில் இருப்பவர்கள், இதயம் தளர்ந்தவர்கள், தனியே வாழும் முதியவர்கள், ஒரு மாதத்துக்குட்பட்ட சிசுக்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எங்கே படுக்கிறார் என்று ஒரு வார்த்தை. காற்று திரும்பும் நாளில் கம்பவுண்டரோ நர்ஸோ ஆளுக்கு ஒரு நிமிடம் போன் பேசினால் போதும்: மருந்து தீராமல் இருக்கிறதா, இரண்டு நாள் கீழே படுக்க முடியுமா, விடியல் நடையை எட்டு மணிக்கு மாற்ற முடியுமா. மருந்தின் அளவைப் போனில் மாற்றாதீர்கள். பிபியை நேரில் பாருங்கள். மும்பையில் ஃபுளூவின் உச்சம் மழைக்காலத்தில். ஜனவரி இருமலையெல்லாம் ஃபுளூ என்று எழுதும் கையையும் கொஞ்சம் தடுத்துக்கொள்ளலாம்.

வானிலைத் துறையிடமும் மாநகராட்சியிடமும் கேட்பதற்கும் ஒன்று உண்டு. அகமதாபாத் 2013-ல் வெயிலுக்கென்று செயல்திட்டம் வகுத்தபோது, வெப்பநிலை முன்னறிவிப்பு நேரே மருத்துவமனைகளுக்குப் போக வழி செய்தது. மும்பையின் மிதமான குளிருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். மாநகராட்சியின் 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள் பேட்டைக்குப் பேட்டை வந்துவிட்ட ஊரில், காற்று திரும்பப் போகிறது என்ற ஒற்றை வரிச் செய்தியை அவற்றுக்கு அனுப்ப அதிகச் செலவாகாது.

அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இட்லிக்கார அக்கா குளிர் நாட்களில் மாவுப் பானையை அடுப்படிக்கு நகர்த்தி, மேலே பழைய போர்வையைச் சுற்றிவிடுகிறார். போட்மாலாவில் படுத்திருக்கும் மாமனாருக்கும் அதே யோசனைதான்.