நட்சத்திரக் குறியைப் பார்த்தால் ஏன் இந்தப் பயம்?

"அ * ஆ = 2அ + 3ஆ என்றால், 4 * 5 எவ்வளவு?"

ஆப்டிட்யூட் தேர்வுகளில் காலங்காலமாக வரும் கேள்விதான். ஆனாலும் டிகிரி வரை படித்தவர்களில் பலர் 20 என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் "இதெல்லாம் சிலபஸிலேயே இல்லை" என்று தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

விடை 23. நாலை இரண்டால் பெருக்கினால் 8, ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15, கூட்டினால் 23. அவ்வளவுதான். நாலாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. அப்படியானால் சிக்கல் கணக்கில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. நட்சத்திரம் போட்டால் பெருக்கல், அதை யாரும் மாற்ற முடியாது என்று பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருடமாக நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஈருறுப்புச் செயலி என்று பாடப்புத்தகம் பயமுறுத்துவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டு எண்களை உள்ளே போட்டால், சொன்ன விதிப்படி ஒரு எண் வெளியே வரும். கூட்டலும் அப்படி ஒரு செயலி, பெருக்கலும் அப்படியே. அவற்றின் விதி ஒன்றாம் வகுப்பிலேயே பழகிவிட்டது, நட்சத்திரத்தின் விதி கேள்வித்தாளில் வந்தது. வேறு வித்தியாசமே கிடையாது. விதியைச் சொன்ன பிறகுதான் குறிக்கு அர்த்தம். இந்த ஒற்றை வரியைத்தான் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறது.

மறந்துவிடுகிறது என்பது கூட மரியாதையான வார்த்தை. 2022ல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று கத்தரியை எடுத்தபோது, 12-ஆம் வகுப்புக் கணக்கின் முதல் பாடத்திலிருந்து ஈருறுப்புச் செயலிகளை வெட்டி எறிந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கிறது, ஆனால் 12-ஆம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பாடமாக. கடைசிப் பாடத்தின் கதி என்னவென்று பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும். அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, சமனி, எதிர்மறை என்று ஐந்து பெயரை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வந்துவிடும். எதற்காக என்று யாரும் கேட்பதில்லை.

இதே பிள்ளைகள் பேங்க் எக்ஸாமுக்கு கோச்சிங் போகிறார்கள். அங்கே முதல் வாரத்திலேயே ஒரு ஷார்ட்கட் கிடைக்கிறது. ஒரு விலை முதலில் அ சதவீதம், பிறகு ஆ சதவீதம் மாறினால், மொத்த மாற்றம் அ + ஆ + (அ × ஆ)/100. ஏற்றம் என்றால் பிளஸ், இறக்கம் என்றால் மைனஸ். அதைத் தினமும் நூறு முறை போடுகிறார்கள். அதுவும் ஒரு ஈருறுப்புச் செயலிதான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எந்தப் பாடத்தை வேண்டாம் என்று தள்ளினார்களோ, அதையே ஃபார்முலா என்ற பெயரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

ஆடி மாதம் கடை வாசலில் "50% + 20% தள்ளுபடி" என்று போர்டு தொங்கும். பார்க்கிறவர் மனசு 70 என்று கூட்டிக்கொள்கிறது. 1000 ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும், அந்த 500ல் 20 சதவீதம் போனால் 400. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்தான். போர்டில் இருக்கும் பிளஸ் ஒன்றாம் வகுப்புப் பிளஸ் இல்லை, கடைக்காரர் தானாக வரையறுத்த செயலி. −50, −20 இரண்டையும் அந்த ஃபார்முலாவில் போட்டால் −70 + 10 = −60. கடைக்காரருக்கு அல்ஜீப்ரா தெரிந்திருக்கிறது, வாங்குகிறவருக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஐந்து பெயர்களும் இங்கேதான் உயிர் பெறுகின்றன. 20 முதலில், 50 பிறகு என்று மாற்றினாலும் அதே 400 ரூபாய். இது பரிமாற்றுப் பண்பு. மூன்றாவதாக 10 சதவீதம் சேர்ந்தால், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் மொத்தம் 64 சதவீதம். இது சேர்ப்புப் பண்பு. 0 சதவீத மாற்றம் எதையும் மாற்றாது, அதுதான் சமனி. எதிர்மறை? 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர 50 ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். அதாவது −50க்கு எதிர்மறை +100. −20க்கு +25. −100க்கு? எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், −100 தான் திரும்ப வரும். எதிர்மறையே இல்லை. எல்லாம் போன பிறகு எத்தனை சதவீதம் ஏறினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். பங்குச் சந்தையில் கால் வைக்கிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் எது?

எல்லாச் செயலியும் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். 40, 60, 80 என்று மூன்று மார்க். முதல் இரண்டின் சராசரி 50, அதற்கும் 80க்கும் சராசரி 65. கடைசி இரண்டிலிருந்து தொடங்கினால் 70, அதற்கும் 40க்கும் 55. உண்மையான சராசரி 60. சராசரிக்குப் பரிமாற்றுப் பண்பு உண்டு, சேர்ப்புப் பண்பு கிடையாது. சராசரிகளுக்குச் சராசரி எடுத்து ரிப்போர்ட் எழுதுகிற அலுவலகங்களில் இந்த ஒரு வரி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் எத்தனையோ தப்புக் கணக்குகள் மிஞ்சும்.

"ஃபார்முலாவில் எண்ணைப் போட்டால் விடை வருகிறதே, தத்துவம் எதற்கு?" என்று கேட்பார்கள். விடை வரும், கேள்வி பழகிய ரூபத்தில் இருக்கும் வரை. குறியை மாற்றிக் கேட்டால் கை நடுங்கும். கணக்கு வளர்ந்ததே பழகிய விதி உடைந்த இடங்களில்தான். ஹாமில்டன் 1843ல் குவாட்டர்னியன்களைக் கண்டுபிடித்தபோது, அ × ஆவும் ஆ × அவும் ஒன்றல்லாத பெருக்கலை ஏற்றுக்கொண்டார். பூல் 1854ல் எழுதிய தர்க்க அல்ஜீப்ராவில் ஒன்றை அதனாலேயே பெருக்கினால் அதுவே வரும். இன்றைய கம்ப்யூட்டர் சர்க்யூட்டுகள் நிற்பது அந்த அல்ஜீப்ராவின் மேல்.

வெட்டின பக்கங்களைத் திரும்ப ஒட்டினால் மட்டும் போதாது. ஈருறுப்புச் செயலியை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும், தள்ளுபடி போர்டோடு சேர்த்து நடத்த வேண்டும். குறியைப் பார்த்ததும் "இதற்கு இங்கே என்ன விதி?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு லோன் பேப்பரில் இருக்கும் சின்ன எழுத்தையும் அப்படித்தான் படிக்கும். அப்படிப் படிக்காத பிள்ளை 4 * 5 = 20 என்று எழுதும், 50 + 20 = 70 என்று நம்பிப் பில் போடும்.