கவாய்த் தீவின் 72 பிள்ளைகள்

பசிபிக் மாகடலின் நடுவே, ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் என்னும் சிறு தீவில், பலரும் கரும்புத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் உழைத்து ஜீவித்த குடும்பங்களில், 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் கருவிலிருந்த காலந்தொட்டு நடுவயது வரையில் பொறுமையுடன் கவனித்து வந்தவர்கள் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள்.

வாலிபப் பிராயத்தில் பிள்ளைகள் நெறி பிறழ்வதற்கு வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத குடும்பக் கலகம் என்று காரணங்களை அடுக்குவது நமக்குப் பழகிப்போயிற்று. அவை பொய்யான காரணங்களும் அல்ல. இத்தகைய இன்னல்களில் நான்கோ அதற்கு மேலோ 2 வயதுக்குள் சூழ்ந்துகொண்ட 201 குழந்தைகளில் 129 பேர் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறி, அல்லது 18 வயதுக்குள் குற்றப் பதிவுக்கோ மனநலக் கேட்டுக்கோ ஆளாகித் துன்புற்றார்கள். ஆயினும், அதே வறுமையையும் அதே கலகத்தையும் அனுபவித்த ஏனைய 72 பேர் திறமையும் அன்பும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களாக வளர்ந்தார்களே, அவர்களைக் காத்தது எது என்ற கேள்வியை நாம் போதிய சிரத்தையுடன் கேட்பதில்லை.

சுமுகமான சுபாவம் ஒரு காரணம். அதனினும் பெரிது, தாயோ தந்தையோ கைவிட்ட இடத்தில் பாட்டியோ, அத்தையோ, மூத்த சகோதரியோ, அக்கறையுள்ள ஓர் ஆசிரியரோ, யாரேனும் ஒருவர் அந்தப் பிள்ளைக்கு நிலையான துணையாக நின்றது. மற்றொன்று என் மனத்தை விட்டு அகலாதது: அவர்களில் பலர் தம்பி தங்கையரைப் பேணியும் வீட்டு வேலைகளை ஏற்றும் பிறருக்கு இன்றியமையாதவர்களாக இருந்திருக்கிறார்கள். ஒரு பையன் தவறிழைத்தவுடனே அவனிடமிருந்து பொறுப்புகளையெல்லாம் பறித்துக்கொண்டு, அவனைச் சந்தேகக் கண்ணோடு காவல் காப்பதையே சிக்ஷை என்று கருதும் நம் வழக்கம், அவனைக் காக்கக்கூடிய ஒன்றையே அவனிடமிருந்து அபகரிப்பதாகும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். வறுமையை ஒழிக்கும் கடமையிலிருந்து அரசாங்கத்தை இந்த ஆராய்ச்சி விடுவித்துவிடாது. 72 பேரைக் காட்டி 129 பேரை மறப்பது அநியாயம்.

அந்த 129 பேரின் சரித்திரமும் 18 வயதோடு முடிந்துவிடவில்லை. 32 வயதில் அவர்களை அவ்வறிஞர்கள் மீண்டும் சந்தித்தபோது, இளமையில் குற்றப் பதிவு பெற்றிருந்தவர்களுள் பெரும்பாலோர் பிறகு குற்றவழியில் செல்லாதிருக்கக் கண்டார்கள். சிலர் சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தும், சிலர் ராணுவத்தில் தொழில் கற்றும், சிலர் நல்ல துணையை மணந்தும் குடும்பஸ்தர்களாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.